வெளுத்த மண்டையோடு: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு எதிர்வரலாற்றுக் குறிப்பு

எலும்பின் நிறம் வெள்ளை அல்ல. இதிலிருந்தே தொடங்கிவிடலாம். உரித்துக் கறி நீக்கிய மாட்டு மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பழுப்பு, மஞ்சள், சில இடங்களில் ரத்தம் ஊறிய கறுஞ்சிவப்பு. கொழுப்பு கசிந்த இடத்தில் பலகாரம் மடித்த காகிதம் மாதிரி ஒரு மினுக்கம். சுவரில் மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் வருஷமும் பொறித்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்பு வெள்ளை எலும்பில் இருந்ததல்ல, எலும்பின்மேல் செய்யப்பட்டது. செய்யப்பட்டது என்றால் செய்தவர்கள் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களைத் தேடுகிறது. அகப்படாத இடங்களில், ஏன் அகப்படவில்லை என்பதைத் தேடுகிறது.

திண்டுக்கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பூட்டு, புகையிலை, சுருட்டு, தோல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இப்போது பிரியாணியும் அதில் சேர்ந்துகொண்டது. தோல் என்று வரும்போதுகூட ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, நிலத்தடி நீர் மாசு என்ற மூன்று சொற்களோடு கதையாடல் முடிந்துவிடுகிறது. மூன்றும் உண்மைதான். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, வட ஆர்க்காட்டோடு சேர்த்து அன்றைய 'திண்டுக்கல் அண்ணா' மாவட்டத்தின் தோல் ஷாப்புகளையும் பெயர் சொல்லித்தான் தண்டம் விதித்தது, ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய். ஆனால் தோலுக்கு அடியில் எலும்பு இருக்கிறது. மாட்டிலிருந்து தோல் பிரிந்து பேகம்பூருக்கும் நாகல்நகருக்கும் போன பிறகு, மிச்சம் கிடந்த தலை எங்கே போனது என்ற கேள்வியை எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

நான் மாட்டுக்கறி புழங்காத வீட்டில் பிறந்தவன். மண்டையோட்டை முதலில் பார்த்தது பொருளாக அல்ல, அடையாளமாக. வத்தலக்குண்டு சாலையோரத் தோட்டம் ஒன்றில், கிணற்று மேட்டில் கம்பு நட்டு, கண் படாமலிருக்க மாட்டி வைத்திருந்தது. வெயிலும் மழையும் வெளுத்தது அது. அதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்குள் சுவரில் மாட்டுகிற வெள்ளைக்குக் கூலி உண்டு. இரண்டு வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நம் விஷயம்.

*

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். கோட்பாடு பேசுகிற நாம் (என்னையும் சேர்த்துத்தான்) உழைப்பு உழைப்பு என்று எழுதுவோமே தவிர, அந்த உழைப்பில் கை என்ன செய்கிறது என்று எழுதுவதில்லை.

தோல் குடோனில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, அதற்கு முன் ஊரில் செத்த மாடு உரித்த பெரியவர் ஒருவரிடம் பல நாட்கள் பேசினேன். "மாடு உரிக்கத் தெரிஞ்சவன் பத்துப் பேரு இருந்தா, தலை உரிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருப்பான் தம்பி" என்றார். வயிற்றிலும் தொடையிலும் தோலுக்கும் சதைக்கும் நடுவே கை நுழைகிற இடம் இருக்கிறது. நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது. அங்கே கத்தி வழுக்கினால் தோலில் ஓட்டை விழும், விலை பாதியாகும். அழுத்தினால் எலும்பில் கீறல். தோல் முதலாளிக்கு எலும்பின் கீறல் பற்றிக் கவலையில்லை. மண்டையோட்டைச் சுவரில் மாட்டப் போகிற துரைக்குத் தோலைவிட அதுதான் கவலை. ஒரே கத்தி, இரண்டு வகைக் கவனம்.

உரித்தபின் கீழ்த்தாடையைக் கழற்ற வேண்டும். கண்ணும் நாக்கும் போக வேண்டும். கன்னத்துச் சதை தடிமனானது, அசைபோட்டு அசைபோட்டு இறுகியது. அதை ஓரளவுக்கு வழித்தால் போதும், முழுக்கச் சுரண்டப் போனால் எலும்பின் மேற்பரப்பு கெடும். அப்புறம் மூளை. மண்டையின் பின்பக்கம் முதுகுத்தண்டு நுழைகிற பெருந்துளை வழியாக, நுனி வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, தண்ணீரை அடித்து அடித்து வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண். ஆட்டுத் தலைக்கு நம்மூரில் இந்தப் பிரச்சினையே வருவதில்லை. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் கைமாறுகிற ஆடு, தலைக்கறிக்கு வரும்போது மூளைக்காக நடுமண்டையில் வெட்டு வாங்கிவிடும். முழு மண்டையோடு மிஞ்சுவது அபூர்வம். பசி இருக்கிற இடத்தில் கண்காட்சிப் பொருள் உண்டாவதில்லை.

அடுத்தது ஊறவைப்பது. "தண்ணியில போட்டு மறந்துடணும்" என்றார். மறப்பதுதான் முடியாது, நாற்றம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டிய சதையை நீக்குவது மனிதக் கை அல்ல, தண்ணீரில் பெருகுகிற நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சூடு வேண்டும், நம் உடம்புச் சூடு அளவுக்கு. கொடைக்கானல் குளிரில் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை, சித்திரை வெயிலில் திண்டுக்கல் தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துபோகும். தண்ணீரை முழுக்க மாற்றக் கூடாது. மாற்றினால் நுண்ணுயிர்க் கூட்டமும் போய்விடும். கொட்டும்போது துணியில் வடிகட்டிக் கொட்ட வேண்டும், பல் கழன்று அடியில் கிடக்கும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது என்பது இந்த வேலை செய்கிற எவருக்கும் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். கொம்பின் மேலுறை இந்தச் சமயத்தில் உள் எலும்பிலிருந்து கழன்று வரும். தனியாகக் கழுவிக் காயவைத்துக் கடைசியில் திரும்ப மாட்ட வேண்டும்.

அவசரக்காரர்கள் வேகவைப்பார்கள். கொதிக்க வைத்தால் கொழுப்பு வெளியே வருவதற்குப் பதில் எலும்புக்குள் இறங்கும், பல் வெடிக்கும், மூக்குக்குள் இருக்கிற காகிதம் போன்ற மெல்லிய சுருள் எலும்புகள் கலைந்துபோகும். வெளுத்து மாட்டின ஒரு வருஷத்தில் மஞ்சள் பூக்கும்.

இன்னொரு வழி வண்டு. டெர்மெஸ்டிஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிற தோல்வண்டு. உலகத்தின் பெரிய இயற்கை அருங்காட்சியகங்கள் இதைப் பெட்டியில் வளர்க்கின்றன. காய்ந்த தலையை உள்ளே வைத்தால் புழுக்கள் சதையைத் தின்று, எந்த ரசாயனத்தாலும் முடியாத அளவுக்குத் துல்லியமாக எலும்பை விட்டுவைக்கும். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதே வண்டு தோல் குடோனில் விழுந்தால் காய்ந்த தோலெல்லாம் சல்லடை. உப்புப் போட்டும் மருந்து அடித்தும் எதிரியாக விரட்டிய பூச்சியை, கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சோறு போட்டு வளர்க்கிறார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அந்த அருங்காட்சியகங்களுக்கும் உள்ளூர பயம்தான். பெட்டி தாண்டி ஒரு ஜோடி ஓடினால் பதப்படுத்தி வைத்த உடல்களைத் தின்றுவிடும். பொம்மை மிருகங்களின் தோலுக்கு அந்தக் காலத்தில் ஆர்செனிக் சோப்புப் பூசியது இந்தப் பயத்தால்தான். பூசிய கைகள் யாருடையவை, அவை பின்னால் என்னவாயின என்பதும் எழுதப்படாத வரலாறு.

சதை போனபின் கொழுப்பு. சோப்புத் தண்ணீரில், வெதுவெதுப்பாக, வாரக்கணக்கில். இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். துணியிலிருந்து அழுக்கை எடுக்க உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைக்கிற வண்ணாரின் ரசாயனமும் இதுவும் ஒன்றே: காரம் கொழுப்பைப் பிடித்து இழுக்கிறது. ஊருக்கு வெள்ளை உடுத்தக் கொடுத்தவர்களுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்தது என்பது தெரிந்த கதை. அவர்களிலும் தலித்துகளுக்கு வெளுத்த புதிரை வண்ணார் கண்ணில் படுவதே தீட்டு என்று ஆக்கப்பட்டார்கள். வெள்ளை ஒரு இடத்தில் சேரச் சேர, அழுக்கு இன்னொரு உடம்பின்மேல் ஒட்டவைக்கப்படுகிறது. துணிக்கும் சரி, எலும்புக்கும் சரி.

கடைசியாக வெளுப்பு. விவரம் தெரியாதவர்கள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார்கள். அது அந்தப் பொழுதுக்கு வெளுக்கும். அதோடு எலும்புக்குள் இருக்கிற புரதத்தையும் தின்றுவிடும், கொஞ்ச நாளில் தொட்டால் மாவு உதிரும். சரியான சரக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கிறார்களே அதுதான். 1818இல் பிரெஞ்சு ரசாயனவாதி தெனார் கண்டுபிடித்தது. ஊறப்போட்டால் நுரை கக்கி, தன்னிடமுள்ள உயிர்வாயுவைக் கொடுத்து நிறத்தை எரித்துவிட்டு வெறும் தண்ணீராகிவிடும். கொம்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொம்பும் வெளிறிவிடும். எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் கைப்பக்குவம். அதிகமானால் பொய்யான வெள்ளை, பீங்கான் மாதிரி. ரசனையுள்ளவர்கள் அதற்குச் சற்று முன்னால் எடுப்பார்கள்.

*

இந்த வேலையின் விளைபொருள் மலையிலிருந்து இறங்கி வந்து பங்களாச் சுவர்களில் ஏறியது. பழனிமலை இன்று திண்டுக்கல் மாவட்டம் (மதுரையிலிருந்து 1985இல் பிரித்தது). 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து கொடைக்கானல் வெள்ளைக்காரர்களின் கோடை வாசஸ்தலம். 1875இல் ரயில் வந்ததும் போக்குவரத்து சுலபமானது. மலையில் அவர்கள் சுட விரும்பியது காட்டுமாடு. அதற்கு 'பைசன்' என்று பெயர் வைத்தார்கள். பைசன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கிற வேறு விலங்கு. இது நம் வீட்டு மாட்டின் இனத்துக்கு நெருக்கமான சொந்தக்காரன். தவறான அந்தப் பெயர் இன்றைக்கும் கொடைக்கானல்காரர் வாயிலும் பயணிகள் வாயிலும் புழங்குகிறது. பெயரிடுவது அதிகாரத்தின் முதல் வேலை என்று நாம் கட்டுரைகளில் எழுதுவோம். இங்கே அது மலைப்பாதையில் நடமாடுகிறது.

டக்ளஸ் ஹாமில்டன் என்கிற சென்னை ராணுவ அதிகாரி ஆனைமலை, நீலகிரி, பழனிமலைகளில் வேட்டையாடிய குறிப்புகள் 1892இல் லண்டனில் புத்தகமாக வந்தன. அதே 1892இல்தான் ரோலண்ட் வார்டு என்ற லண்டன் பதப்படுத்துநர், உலகத்து வேட்டை விலங்குகளின் கொம்பையும் மண்டையோட்டையும் அங்குலக் கணக்கில் வரிசைப்படுத்தும் பதிவேட்டை வெளியிடத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1880இல், சுட்ட விலங்கை எப்படி உரிப்பது, மண்டையோட்டை எப்படிச் சுத்தம் செய்து அனுப்புவது என்று வேட்டைக்காரர்களுக்குக் கையேடும் போட்டிருந்தார். இந்த வகைப் புத்தகங்களை வாசிக்கிறபோது இலக்கணம் கவனத்தை இழுக்கிறது. சுடுவது எப்போதும் தன்மை ஒருமையில்: நான் சுட்டேன். உரிப்பது செயப்பாட்டு வினையில்: தலை உரிக்கப்பட்டது, மண்டையோடு சுத்தம் செய்யப்பட்டது. தடம் காட்டிய பளியருக்கோ புலையருக்கோ சில சமயம் ஒற்றைப் பெயர் கிடைக்கும். தொட்டியைக் கிளறியவருக்கு எழுவாய்கூடக் கிடைப்பதில்லை.

தென்னிந்தியாவில் இந்தத் தொழிலின் தலைநகரம் மைசூர். யூஜின் வான் இங்கன் தொடங்கிய வான் இங்கன் அண்ட் வான் இங்கன் நிறுவனம், மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் ஆயிரமாயிரம் புலிகளையும் சிறுத்தைகளையும் பதப்படுத்திக் கொடுத்தது. காகிதக்கூழில் அச்சு எடுத்து அதன்மேல் தோலைப் போர்த்துகிற அவர்களது நேர்த்தி உலகப் புகழ் பெற்றது. அவர் தன் மகன்களுக்கு போத்தா, டிவெட், ஜூபேர் என்று போயர் யுத்தத் தளபதிகளின் பெயர்களை வைத்தார். 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் தொழில் சுருங்கி 1999இல் மூடியது. இன்று சேகரிப்பாளர்கள் புலியின் நாக்கையும் கண்ணையும் பார்த்தே அது வான் இங்கன் வேலை என்று கண்டுபிடிக்கிறார்களாம். பட்டறையின் கை தெரிகிறது. பட்டறைக்குள் இருந்த மைசூர்க்காரர்களின் கைகள் அந்த ஒற்றைப் பெயருக்குள் மறைந்துவிடுகின்றன. வெறும் சுரண்டல் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவர்களிடம் கலை இருந்தது, அதில் பெருமிதமும் இருந்திருக்கும். அந்தப் பெருமிதத்துக்கு ஆவணம் இல்லை என்பதுதான் என் புகார்.

செண்பகனூர் அருங்காட்சியகம் வேறு வகை. இயேசு சபையினர் 1895இல் தொடங்கியது; வேட்டைப் பெருமைக்காக அல்ல, படிப்புக்காக. பழனிமலையின் கற்திட்டைகள் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் எழுதிய ஆய்வு 1928இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மலையைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் கணிசமானது அந்த வளாகத்தில் சேர்ந்தது. அறிவு வேறு, வெற்றிச்சின்னம் வேறு என்று அவர்கள் சொல்லியிருக்கக்கூடும். நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கக் கூடத்தைப் பற்றி டோனா ஹாராவே 1980களில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அப்படிச் சுலபமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் செண்பகனூரை நியூயார்க்கோடு சேர்த்து அடிப்பதும் சோம்பேறித்தனம். கோட்பாட்டை இறக்குமதி செய்கிறபோது சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும்.

*

சமவெளிக்கு இறங்குவோம். இங்கே மாடு செத்தால் மூன்று விதம்.

கோயில் காளை செத்தால் சாவு மேளம். கொசவபட்டி, புகையிலைப்பட்டிப் பக்கம் சல்லிக்கட்டில் பேர் வாங்கிய காளை என்றால் மாலை, வேட்டி, ஊர்வலம், குழி. மனிதருக்குச் செய்வதெல்லாம் செய்து புதைப்பார்கள். அதன் மண்டையோடு மண்ணுக்குள் போகும், எவரும் தோண்டமாட்டார்கள். உழுத மாடு, வண்டி மாடு, பால் வற்றிய மாடு செத்தால் சேரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அருந்ததியரோ பறையரோ வந்து தூக்கிப் போக வேண்டும், வராவிட்டால் தண்டனை. உரிமை என்றும் அதற்குப் பெயர் சொன்னார்கள், கடமை என்றும் சொன்னார்கள், எந்த இடத்தில் எது லாபமோ அந்தச் சொல். மூன்றாவது, சந்தை வழியாக லாரியேறிப் போவது. அதன் வரலாறு வேறு கட்டுரைக்கு ஆகும்.

இரண்டாவது மாட்டின் தோல் ஆவாரம்பட்டைத் தொட்டிக்குப் போனது. எலும்பு காட்டில் கிடந்தது. கழுகும் நாயும் தின்றது போக மீந்ததைப் பெண்களும் பிள்ளைகளும் கோணியில் பொறுக்கி, எலும்பு ஏவாரியிடம் எடைக்குப் போட்டார்கள். "மண்டை எடை தூக்கும், ஆனா கோணியில எடத்தை அடைக்கும். கல்லால ஒடைச்சுத்தான் போடுவோம்" என்றார் பெரியவர். மலையின் மண்டையோட்டுக்கு ஒரு கீறல் விழக்கூடாது. சமவெளியின் மண்டையோடு உடைபட்டால்தான் காசு.

அந்தக் கோணிகள் எங்கே போயின? எலும்பு ஆலைகளுக்கு, அங்கிருந்து உரமாக, அல்லது நொறுக்கிய எலும்பாகக் கப்பலேறி. இங்கிலாந்து தன் வயலுக்காக ஐரோப்பாவின் போர்க்களங்களையே தோண்டி எலும்பு எடுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ரசாயனவாதி லீபிக் குற்றம் சாட்டினார். நம் நிலத்தின் பாஸ்பரஸ் வெளியே போவது பற்றிய முணுமுணுப்பு 1928இல் அறிக்கை கொடுத்த அரச வேளாண் ஆணையம்வரை எட்டியது. எலும்பை எரித்த கரியைக் கொண்டு மேற்கத்திய ஆலைகள் சர்க்கரையை வெளுத்தன (நம்மூர் ஆலைகள் பெரும்பாலும் கந்தகப் புகையில் வெளுக்கின்றன). எலும்பை அமிலத்தில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டுக் காய்ச்சினால் ஜெலட்டின்: மாத்திரைக் குப்பி, புகைப்பட பிலிம். செத்த காட்டுமாட்டின்மேல் கால் வைத்துத் துரை எடுத்துக்கொண்ட படம், மாட்டின் எலும்பும் தோலும் காய்ச்சிய பசையில்தான் பதிந்தது.

தமிழ் மரபில் மண்டையோடு இல்லாமலில்லை. மயிலாப்பூரில் கபாலியே இருக்கிறார். 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்தில் கபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவியின்மேல் பழிபோட்டுச் சண்டை பிடிக்கிறான். எடுத்துப் போனது நாய். ஆனால் அது மனித மண்டையோடு. பல்லவச் சிற்பத்தில் எருமைத்தலைமேல் நிற்கிற துர்க்கையைப் பாருங்கள்: கண்ணும் காதும் சதையும் உள்ள தலை அது, எலும்பு அல்ல. தோற்றவன் தோற்றவனாகவே தெரிய வேண்டும் என்பது பழைய அதிகாரத்தின் முறை. வெளுத்து, பெயரழித்து, அளந்து வைப்பது புதிய அதிகாரத்தின் முறை. இடைப்பட்ட காலத்தில் கம்பெனி இரண்டையும் வைத்திருந்தது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபோது கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கிலிட்டு, தலையைக் கோட்டையில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். 1858இல் சியால்கோட்டில் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்ட ஆலம் பேக் என்ற சிப்பாயின் தலையோ சுத்தம் செய்யப்பட்டு, கண்குழியில் குறிப்புச் சீட்டோடு, வெற்றிச்சின்னமாக இங்கிலாந்து போயிற்று. 1963இல் கென்ட் பகுதி மதுக்கடை ஒன்றில் கிடைத்தது. கிம் வாக்னர் அதைப் பற்றி எழுதிய புத்தகம் 2017இல் வந்தது. 2024 அக்டோபரில் ஆக்ஸ்போர்டுஷயர் ஏலக்கடை ஒன்று, விலங்குக் கொம்பு பொருத்திய நாகா மனித மண்டையோட்டை விற்பனைக்கு வைத்தது. நாகாலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. மனிதருக்கும் மாட்டுக்கும் நடுவில் நாம் கறாராகப் போடுகிற கோடு, காலனியச் சேகரிப்பாளரின் அலமாரியில் அத்தனை கறாராக இல்லை. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்து, உயிரோடிருந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்து சாதிகளை வரிசைப்படுத்தியதும் ரோலண்ட் வார்டின் அங்குலப் பதிவேடும் சமகாலத்தவை. இந்தியாவிலிருந்து மனித எலும்புக்கூடுகளை மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதி செய்வது 1985இல்தான் தடைசெய்யப்பட்டது. அவற்றை வெளுத்த கைகளும் சாதியால் ஒதுக்கப்பட்ட கைகள்தான்.

*

மறுப்பின் வரலாறும் இருக்கிறது, சொல்லப்போனால் அதுதான் முக்கியமானது. 1927இல் மகாடில் அம்பேத்கர் தண்ணீர் உரிமையோடு சேர்த்தே செத்த மாடு தூக்குவதையும் அதன் கறி தின்பதையும் நிறுத்தச் சொன்னார். 2016 ஜூலை 11இல் குஜராத் ஊனா அருகே செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டியில் கொண்டுவந்து கலெக்டர் அலுவலகத்தின் முன் கொட்டினார்கள். மாட்டு வால் உங்களுக்கு, நிலம் எங்களுக்கு என்ற கோஷம் அங்கிருந்துதான் கிளம்பியது. செத்த மாடு அரசியல் மொழி ஆனது, அதன் நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான்.

சில வருஷங்களுக்கு முன் திண்டுக்கல்லில் நண்பர்கள் சிலர், தோல் தொழிலாளர் வரலாறு பற்றிச் சிறு கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். நடுவில் நன்றாக வெளுத்த மாட்டு மண்டையோடு ஒன்றை, கறுப்புத் துணி விரித்த மேசையில் வைப்பது என்று திட்டம். ஓவியர் நண்பர் மூன்று வாரம் உட்கார்ந்து, மேலே சொன்ன முறையிலெல்லாம் வேலை செய்து அதைத் தயார் பண்ணியிருந்தார். அழகாகவே இருந்தது. பெரியவரைக் கூட்டிவந்து காட்டினோம். சுற்றிவந்து பார்த்தார்.

"வேல சுத்தமா இருக்கு தம்பி. ஆனா இது எங்க மாடு இல்ல."

"ஏங்கய்யா?"

"நாத்தம் இல்லையே. நாத்தம் இருக்குன்னுதான எங்கள ஊருக்கு வெளிய வச்சான். அதக் கழுவிட்டு அப்புறம் எங்க கதைன்னு சொன்னா எப்படி?"

அன்று ராத்திரி பெரிய விவாதம். ஓவியர் நண்பருக்குக் கோபம், அவரும் தலித்துதான். அவமானத்தின் பொருளை அழகின் பொருளாகத் திருப்பிப் போடுவதுதான் தலித் அழகியல், நாற்றத்தை மட்டுமே எங்களுக்கு ஒதுக்கி வைப்பது உன்னைப்போன்ற பிற்பட்ட சாதிக்காரனின் அனுதாபம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. பறையை மேடையேற்றியபோதும் இதே சண்டை நடந்திருக்கிறது. சாவுக்கு அடித்ததை ஏன் மேடையில் அடிக்கிறாய் என்று ஒரு தலைமுறை கேட்டது, அடித்துத்தான் அதைச் சாவிலிருந்து பிடுங்க முடியும் என்று அடுத்த தலைமுறை பதில் சொன்னது. ஆனாலும் பறையை மேடையேற்றியவர்கள் அதன் சத்தத்தைக் குறைக்கவில்லை என்பது என் எண்ணம். மண்டையோட்டை வெளுப்பது சத்தத்தை எடுத்துவிட்டுப் பறையை மாட்டி வைப்பதைப் போன்றது. கடைசியில் சமரசமாக, பாதி வேலை முடிந்த இன்னொரு தலையை, கொழுப்பு நீக்காமல், மஞ்சளாகப் பக்கத்தில் வைத்தோம். முதல் நாள் மதியத்துக்குள் மண்டபத்துக்காரர்கள் வந்து, வெள்ளையாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுத்தோம். ஓவியர் வெள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குள் இன்னும் அந்த விவாதம் முடியவில்லை.

இதற்கிடையில் சந்தை விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. வெளுத்த மாட்டு மண்டையோடு இப்போது ரிசார்ட்டுகளுக்கும் காபிக் கடைகளுக்கும் அலங்காரம். அமெரிக்க மேற்கின் பாலைவனப் படங்களிலிருந்து வந்த ரசனை. மாட்டிறைச்சியின் பேரில் ஆட்களை அடிக்கிற நாட்டில், மாட்டின் தலை வெளுத்திருந்தால் போதும், அதன் கீழே உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

காட்டுமாட்டின் மண்டையோட்டுக்கு இது செல்லாது. அங்கே சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி செத்துக் கிடக்கிற காட்டு விலங்கும் அரசாங்கத்தின் சொத்து. 2013இல் சரணாலயமாக அறிவித்த கொடைக்கானல் காட்டில் தேன் எடுக்கப் போகிற பளியர் ஒருவர், வழியில் கிடந்த மண்டையோட்டைக் குடிசைக்கு எடுத்து வந்தால் வழக்கு. பழைய பங்களாவில் தொங்குகிற மண்டையோட்டுக்கு உடைமைச் சான்றிதழ் வாங்க வழி இருந்தது. முன்பு பதியாமல் விட்டவர்களுக்காக 2003இல் 180 நாள் தவணையும் கொடுத்தார்கள். சான்றிதழ் பெற்றதை விற்கக் கூடாது, பரிசாகவும் கொடுக்கக் கூடாது. அப்பனுக்குப் பின் மகனுக்கு வாரிசுரிமையாகப் போகலாம்.